இரண்டு பதினேழு

மல்வத்தை வட்டையில்
வெட்டு மிசினின் வாயை வைக்கோல் அடைத்தது.
எஞ்சினை நிறுத்தாமல்
காலால் உதைத்தான் நிஸ்பான்.

முழங்காலுக்குக் கீழே
வாய்க்காலுக்கு இறைக்கிற பம்பைப்போல
விட்டுவிட்டுப் பாய்ந்தது.

1990க்கு அடித்தேன்.
அந்த வருசத்தை எங்கள் வீட்டில்
வாயால் சொல்வதில்லை.
விரல் அமத்தியது.

"தொடையில கட்டுங்க, மூட்டில வேணாம்,
ரத்தம் நிக்கும்வரைக்கும் இறுக்குங்க"
என்றது ஒரு பெண்குரல்.

என் சாறனைக் கிழித்துக் கட்டி
பதினாலாம் நம்பர் ஸ்பானரைச் செருகி
முறுக்கினேன்.
உம்மா என்றான். முறுக்கினேன்.
என்னைப் பெத்தவளை ஏசினான்.
முறுக்கினேன்.
பாவம் பார்த்து ஒரு சுற்றுக் குறைத்திருந்தால்
அந்தப் பாவமே அவனைக் கொன்றிருக்கும்.

நின்றது.
மிசின்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவிழ்க்காதீங்க. நேரத்தை எழுதுங்க."
நெல்மூட்டைக்கு இலக்கம் போடும் மாக்கர் கிடந்தது.
அவன் நெற்றியில் எழுதினேன்: 2.17
வேர்வையில் ஏழு வழிந்தது.
துடைத்துத் திரும்ப எழுதினேன்.

அம்பாறையில் டொக்டர்
சிங்களத்தில் என்னவோ கேட்டார்.
விளங்கவில்லை. நெற்றியைக் காட்டினேன்.
சுவர் மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தார்,
மூன்று பத்து.
கட்டில் ஓடியது.

மாசி முடிய, நொண்டிக்கொண்டு வந்தான்.
"ஒரு கிழமை போகல்ல மச்சான் அந்த மை.
தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சாள் றிஸ்மியா."

தலையெழுத்தைத் தேய்த்து அழித்தவள்
ஊரில் அவள் ஒருத்திதான்.

சாறனுக்குக் காசு நீட்டினான்.
வேண்டாம்,
ஸ்பானர் எங்கே என்றேன்.