பத்து மாதச் சம்பளம்

அங்கே எட்டு மணி வகுப்பு.
வேதாளையில் அப்போது ஐந்தரை.
கவிழ்த்த ஐஸ் பெட்டியின் மேல் மடிக்கணினி.
இடுப்புக்கு மேலே சட்டை, கழுத்துப் பொத்தான் வரை.
கீழே கைலி.
பின்சுவரில் ஆணியடித்த வெள்ளைத் துப்பட்டி
ஒரு மணி நேரத்துக்குப் பல்கலைக்கழகம்.

கோடை வகுப்புக்குச் சம்பளம் கிடையாது.
"விருப்பமுள்ளவர்கள் எடுக்கலாம்" என்றார் துறைத் தலைவர்,
விருப்பமில்லாதவர்களின் பெயரை
எழுதிக்கொண்டே.

கரையில் ஏலம் தொடங்கிவிட்டது.
கூடை ஊளி எண்ணூறு, எண்ணூத்தம்பது, ஒரு தரம்.
"சார், அது என்ன சத்தம்?" என்று
முப்பத்திரண்டு சதுரங்களில் ஒன்று கேட்டது.
என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று
சொல்ல வாயெடுத்து
மைக்கை அணைத்தேன்.

மாணவர்கள் எனக்குப் போட்ட மதிப்பெண்
ஐந்துக்கு மூன்று புள்ளி ஒன்பது.
நான்கு வாங்கியிருந்தால் மூன்றாண்டு ஒப்பந்தம்.
வாங்காததால் ஓராண்டு,
அதிலும் பத்து மாதம்.
ஒரு புள்ளிக்குள் எத்தனை வாடகை,
எத்தனை விசா முத்திரை,
என் மகளின் எத்தனை பள்ளிக்கூடம்.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடை.
அறுபத்தொரு நாள்.
மீன் முட்டையிடட்டும் என்று.
நிவாரணம் பிந்தி வரும், குறைந்து வரும்,
ஆனாலும் வரும்.
என் தடை ஜூலையிலும் ஆகஸ்டிலும்.
முட்டையிட வேண்டியதும் நானேதான்:
இரண்டு ஆய்வுக் கட்டுரை,
தரமான இதழில்.

என் ஆராய்ச்சி கடல் அட்டை.
இங்கே அதைத் தொட்டால் சிறை.
மாமி மகன் கலந்தர் இருபது கிலோவோடு பிடிபட்டு
ராமநாதபுரம் கோர்ட்டுக்கு இன்னும் வாய்தாவுக்குப் போகிறான்.
அங்கே புத்தாண்டு விருந்தில்
துறைத் தலைவர் என் தட்டில் ஒன்றை வைத்தார்,
மரியாதைக்கு.
கறுத்து, வெந்து, வழுவழுவென்று.
எந்தக் கடல் என்று நான் கேட்கவில்லை.
நான் எந்தக் கடல் என்று அவரும் கேட்டதில்லை.

லீட்ஸ்காரன் எட்வினுக்கு
என் பாடம், என் மணி நேரம்,
ஆனால் பால்கனி வைத்த வீடு.
இரண்டு வருடம் இதைச் சொல்லிச் சொல்லிப் புழுங்கினேன்.
பிறகு ஒருநாள் நள்ளிரவில்
அலுவலகத்தில் விளக்கெரிவதைப் பார்த்து எட்டிப்பார்த்தால்
ஷியாவ்லிங்.
நூற்றெண்பது விடைத்தாள்,
என்னுடையதும் சேர்த்து.
அவள் சம்பளத்தை அவள் சொல்லவில்லை,
அச்சு இயந்திரத்தில் மறந்துபோன தாள் சொன்னது.
அதற்குப் பிறகு எட்வினைப் பற்றிப் பேச
வாய் வரவில்லை.
அவளைப் பற்றியும் எங்கேயும் பேசவில்லை.
அதுதான் உறுத்துகிறது.

மனிதவளத் துறையிலிருந்து நேற்று மின்னஞ்சல்:
"அன்புள்ள டாக்டர் சீனி நைனா."
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
யாரோ வாப்பா பெயரை அடித்துவிட்டதால்
ஐந்து வருடமாக
என் வாப்பாதான் அங்கே உதவிப் பேராசிரியர்.
அவருக்குத்தான் காப்பீடு, அவருக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம்.
அசனலி என்று ஒருவன்
அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் கையொப்பம்.
அவர்கள் ஐந்து, நமக்கு இரண்டரை.
ஜும்ஆ முடிந்து வந்து
பாலத்தடி வரை நடந்து சிக்னல் பிடித்தேன்.
பதினாலாவது பிரிவு:
காரணம் கூறாமல் முடித்துக்கொள்ளும் உரிமை
நிர்வாகத்துக்கு உண்டு.
நகலைப் பத்திரப்படுத்தவும்.

வாப்பா அப்போதுதான் வலையை உதறிக்கொண்டிருந்தார்.
"எத்தனை வருசத்துக்குடா?"
"ஒண்ணு."
"படிச்சுப் பாத்தியா?"
"பாத்தேன்."
"பெறகு?"

பெயர் அவருடையதுதானே என்று
விளையாட்டாகப் போனை நீட்டினேன்.
விரலைத் திரையில் வைத்தார், இழுத்தார்.
கோடு விழவில்லை.
செதிளும் ஈரமும்.
சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

இரண்டு இருபத்தாறு.