இடதுபக்க விளக்கு

கண் திறந்தபோது
பள்ளத்தில் கிடந்த பைக்
இன்னும் இடதுபக்கம் திரும்பப்போவதாகச்
சிமிட்டிக்கொண்டிருந்தது.

பால்லாரி உர்மாஸ்
முதலில் சாவியைத் திருப்பி அணைத்தார்,
அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.
"சரளையில் முன்பிரேக்கா பிடிச்சே, மாரிகா?"
நாற்பத்தாறு வயசு.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைமாதிரி தலையாட்டினேன்.

குரேசாரே ஆஸ்பத்திரியில்
முழங்காலில் கல் பொறுக்கிய நர்ஸ்
ஒவ்வொன்றையும் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டாள்.
டிங்.
எக்ஸ்ரேயில் காறை எலும்பின் இரண்டு துண்டும்
பேச்சுவார்த்தை அற்றுப்போன
அண்ணன் தம்பி வீடுகள்.

ஹெல்மெட்டின் தாடைப்பக்கம்
ஒரு கை அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது.
தாவி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறான்.
அவன் வேலைக்குப் போனதும்
நான் இந்தப்பக்கம் திருப்புகிறேன்.
இதுவரை இதைப்பற்றிப் பேசவில்லை.

வித்துவிடு என்று யாராவது சொன்னால்
சண்டையாவது போடலாம்.
சூப் கொண்டுவருகிறார்கள்.

பதினோராம் நாள் தபாலில்
புது கிளட்ச் லீவர்.
நான்தான் வரவழைத்தேன்,
எப்போது என்று நினைவில்லை.
ராத்திரி, போர்வைக்குள்,
கட்டுப்போட்ட கையில் அதை வைத்து
மெல்லப் பிடித்துப் பார்த்தேன்.

கேபிள் இல்லாத லீவர்
எதை இழுக்கும்?
தோளில்தான் சுருக்கென்றது.
விட்டேன்.
மறுபடி பிடித்தேன்.