ஒரு குப்பி எத்தனால்

ஹில்வியூவில் ரயில் ஏறினால்
பக்கத்து இருக்கை காலியாகிவிடும்.
மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்த அம்மாளிடம்
சொல்ல நினைத்தேன்:
குடிப்பது நான் இல்லைங்க, வண்டுகள்.
அதுகூட முழு உண்மை இல்லை.
அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.

மே மாதம் இடி இறங்கியது
இருநூற்றுப் பதினான்காம் எண் செராயாவில்.
உச்சி முதல் வேர் வரை
ஒரு கை அகலத்துக்குப் பட்டை உரிந்திருந்தது.
இடிபட்ட மரத்துக்குள் சாறு புளிக்கும்.
நம் மூக்குக்கு எட்டாத சாராய நெடி ஒன்று
காடெங்கும் போகும்.
மரம் அழுகிறது என்று எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.
ஆனால் வரவேண்டியவை
முகவரி கேட்காமல் வந்துவிடுகின்றன.

எள்ளளவுதான்.
மரத்தை அவை தின்பதில்லை.
சுரங்கம் வெட்டி,
உடம்பின் சுருக்குப்பையில் கொண்டுவந்த பூஞ்சையை
சுவரெல்லாம் விதைத்து,
விளைந்ததைப் பிள்ளைகளுக்கு ஊட்டும்.
"பாவம், விவசாயம்தானே பண்ணுது" என்றான் ரிட்சுவான்.
நான் பதில் சொல்லவில்லை.
அந்த வயலில்தான்
மரத்தின் தண்ணீர்க்குழாய்கள் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன.

பத்தாம் நாள் போனபோது
தண்டெங்கும் வெள்ளைக் குச்சிகள்,
மரத்தூள் திரண்டு நீட்டிய விரல்கள்,
ஊதினால் உதிர்ந்தன.
அறுபத்துமூன்று எண்ணினேன்.
அவன் அறுபத்தைந்து என்றான்.
அவன் கணக்கையே எழுதினோம்.

சுற்றியிருந்தவற்றைக் காக்க ஏழு பொறிகள்.
குளிர்பான பாட்டிலின் வயிற்றில் ஜன்னல் வெட்டி,
அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி,
நடுவே நூலில் ஒரு குப்பி எத்தனால்.
நோயாளியைப் போல நடிக்கும் பாட்டில்.
அதில் ஒன்றை
ஒரு குறையும் இல்லாத இருநூற்றுப் பத்தொன்பதின்
இடுப்பிலேயே கட்டினேன்.
பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைத்தேன்.
முடிச்சு என்னுடையது.

இரண்டு வாரத்தில் அந்தப் பாட்டிலில்தான்
அதிகம் செத்துக் கிடந்தன.
வெள்ளைத் தட்டில் கொட்டி இடுக்கியால் எண்ணினேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
புகைப்படம் எடுத்து அலுவலகக் குழுவுக்கு அனுப்பினேன்.
ஆறு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.
போனை இறக்கியபோதுதான் பார்த்தேன்,
பாட்டிலுக்குப் பின்னால், மரத்தில்,
ஊசி குத்தியதுபோல் ஒன்பது துளை.

வாசலில் குழி வெட்டி வைத்து
விருந்துக்கு அழைத்திருக்கிறேன்.
வந்தவர்கள் எல்லாரும் குழியில் விழுவார்களா?
சிலர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

ரிட்சுவான் ஒன்றும் சொல்லாமல்
கத்தியால் நூலை அறுத்தான்.
ஏழையும் அவிழ்த்து
காட்டின் விளிம்புக்கு,
கார் நிறுத்துமிடத்துக் கம்பி வேலிக்குக் கொண்டுபோனோம்.
பூட்ஸைக் கழுவி, மறுபடியும் கழுவினேன்.

ஒன்பதில் ஏழை
மரமே அடைத்திருந்தது.
உள்ளே போனதைப் போன இடத்திலேயே வைத்து
குங்கிலியம் பூசியிருந்தது.
விரலில் ஒட்டிய பிசினை முகர்ந்தேன்,
பூஜையறை வாசம்.
இரண்டு துளைகள் திறந்தே இருந்தன.
அவற்றைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.
மருந்து இல்லை. தேதி மட்டும் எழுதினேன்.

இப்போது இரவு மூன்று மணி.
செஞ்சா ரோடு, பதினான்காம் மாடி.
மின்னல் அறைக்குள் வந்து போகிறது.
எழுந்து உட்கார்ந்து எண்ணுகிறேன்.
எட்டு எண்ணுவதற்குள் இடித்தால் நிம்மதி,
இங்கேதான் எங்கோ,
ஏதாவது கட்டடத்தின் இடிதாங்கியில்.
ஒன்பது.
பத்து.
பதினொன்று.
பன்னிரண்டில் இடிக்கிறது.

பன்னிரண்டு விநாடி என்றால்
நான்கு கிலோமீட்டர்.

கையில் இன்னும் எத்தனால் நெடி.