ஏழாம் நம்பர் மலையில் ஒரு கான்

செக்ரோல் எழுதுகிறவன் நான்.
முழுப்பேர், அரைப்பேர், பேரில்லை.
இதற்குமேல் எனக்கு எழுத வராது.
சக்டனின் ஆட்டத்தையும்
அப்படித்தான் சொல்வேன்.

தொள்ளாயிரத்துப் பத்தில்
கொழுந்து அரைக்கும் மெஷினோடு
கரும்பாறைத் தோட்டத்து ஸ்டோருக்கு வந்தான்.
அட்டன் ஸ்டேஷனில் பெட்டியை அவனே தூக்கினான்.
"துரையில்லை, பிட்டர்" என்றார் பெரிய கிளாக்கர்.
இடது முழங்கால் ஏற்றத்தில் நொடிக்கும்,
இறக்கத்தில் இன்னும்.

டரவளையில் துரைமார் ஆடும் முட்டைப்பந்துக்கு
ஒருநாள் ஓர் ஆள் குறைந்தது.
கண்டித் துரைமார் பதினைந்து பேரும்
அன்று அவன் முதுகை மட்டுமே பார்த்தார்கள்.
மூன்று தடவை கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிவிட்டு,
பெல்ட் மாட்டி முடித்தவன் போலக்
கையைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த கப்பல் தபாலில்
யாருக்கோ வந்தது பழைய பேப்பர் ஒன்று.
அதில் அவன் படம், கூட நிற்கும் பன்னிரண்டு பேர்,
ஆட்டத்துக்கு இருபது ஷில்லிங் என்ற கணக்கு.
கூலிக்கு ஆடினவன்!
கிளப் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.
"வெள்ளைக்காரனுக்குள்ளேயும் சாதி இருக்கா?"
ரோலர் மருதமுத்து கேட்டான்.
நான் மை தொட்டுக்கொண்டேன்.

சக்டனே சொன்னான், பாதி தமிழ், பாதி கை:
எங்கள் ஊர் ஆலையில் சனிக்கிழமையும் வேலை.
ஆடப் போனால் அந்த நேரத்துக் கூலி போச்சு.
போனதைக் கொடு என்றோம், அதுதான் குற்றம்.
"அரைப்பேரு" என்றான் மருதமுத்து.
அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஸ்டோருக்குப் பின்னால், சாம்பல் கொட்டும் தரையில்
பன்னிரண்டு பேரைச் சேர்த்தான்.
செல்லக்கருப்பன், வீரபத்திரன், கவ்வாத்து மொக்கையன்...
சாக்கில் அடைத்த தேயிலைத் தூசிதான் பந்து.
விழுந்தால் எழுந்து குதிகாலால் தட்டு.
முன்னால் எறியாதே.
"பின்னால கொடுத்துக்கிட்டே முன்னால போறதா?"
வீரபத்திரன் சிரித்தான்.

சனிக்கிழமை அரைநாள் போயிற்று.
சக்டன் என் மேசையில் காசு வைத்தான்.
காசு காணாது துரை,
பேர் விழாவிட்டால் அரிசியை வெட்டுவார்கள்.
"அப்ப பேர் எழுது."
எழுதினேன்: ஏழாம் நம்பர் மலை, கான் வெட்டு,
ஆள் பன்னிரண்டு, அரைப்பேர்.

நாலு வாரம் ஓடியது.
ஐந்தாம் வாரம் பெரியதுரையின் குதிரை
ஏழாம் நம்பரில் ஏறி இறங்கி
என் ஜன்னலண்டை நின்றது.
"கான் எங்கே?"
மண் சரிந்து மூடியிருக்கும்,
காலையில் காட்டுகிறேன் என்றேன்.

அன்றிரவு நாலு அரிக்கேன்.
இருபத்துநாலு ஆள் வேலை, ஒரே ராத்திரி.
பதின்மூன்றாவது மண்வெட்டி அவனுடையது,
பதினான்காவது எனது.
பேனா பிடித்த கை எட்டு மணிக்கே கொப்பளித்தது.
நொண்டிக்காலைக் கானுக்குள் ஊன்றி
மண்ணைப் பின்னால் தள்ளித் தள்ளி
முன்னால் போய்க்கொண்டிருந்தான் சக்டன்.
அந்த ராத்திரிக்கு யாருக்கும் பேரில்லை.

விடியும்போது மழை பிடித்தது.
பெரியதுரை வந்தார்,
கைத்தடியை விட்டுப் பார்த்தார்.
"ஆழம் காணாது" என்றார்.
தண்ணீர் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது.