செய்யாதீர்

பெண்ணையாற்றுப் பாலத்தில் நேற்று ராத்திரி
இடது ஓரமாய்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்
கதவுக்கு ஒரு சாண் தூரத்தில்தான்
எனக்கு மனிதராகத் தெரிந்தார்.
கேரியரில் அவர் கட்டியிருந்த வலைமூட்டை
தகரத்தில் உரசிய சத்தம்
வீடு வரை கூடவே வந்தது.

இன்று இருட்டியதும்
முதுநகர் சந்துக்குள்
உப்புக் கிடங்கின் சுவரைப் பார்க்க வண்டியை நிறுத்தினேன்.
வெள்ளைச் சுவர். பழைய நீல எழுத்து:
விளம்பரம் செய்யாதீர்.
விளக்கைப் போட்டால்
வலது வட்டத்துக்குள் 'செய்யாதீர்' மட்டும்.
இடது பக்கம் சுவரே இல்லை.

ஸ்விட்சைப் போட்டு அணைக்க
டிரைவர் சீட்டில் மாடிவீட்டு ரொசாரியோ.
"கரண்டு விஷயம்க்கா, காலையில பார்க்கலாமே."

பல்பைக் கழற்றினேன்,
கண்ணாடியில் விரல் படாமல்.
வலது பக்கம் மாட்டினால் பளிச்சென்று எரிகிறது.
மூன்று மாதமாய் இதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
ஃபியூஸிலும் கம்பி அறுபடவில்லை.

ஜெராக்ஸ் கடையிலிருந்து எடுத்து வந்த மல்டிமீட்டர்
சாக்கெட்டில் பூஜ்யம் என்றது.
கறுப்பு முனையை மட்டும் எடுத்து
பேட்டரியின் மைனஸில் வைத்தேன்:
பன்னிரண்டு புள்ளி மூன்று.
வருவதெல்லாம் வந்துகொண்டுதான் இருக்கிறது.
திரும்பிப் போகத்தான் வழியில்லை.

எர்த் வயரின் பின்னாலேயே டார்ச்சோடு போனேன்.
பேட்டரித் தட்டுக்குக் கீழே ஒரு போல்ட்,
கடற்காற்று தின்றது போக மிச்சம்,
பச்சை பூத்து.
இந்தத் தெருவில் கேட் கீல், சைக்கிள் மணி,
என் அலமாரிச் சாவி எல்லாமே
இப்படித்தான் போயின.

நடுவில் மஸ்கட்டிலிருந்து தாமோதரன்.
"நீ எதுக்கு இதெல்லாம்? விட்டுடு."
ஸ்பீக்கரில் போட்டு பம்பர்மேல் வைத்துவிட்டு
உப்பை உப்புத்தாளால் தேய்த்தேன்.
அவர் பேசி முடிக்கும்போது
செம்பு தெரிந்தது.
பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அரைச்சுற்று,
இன்னும் கொஞ்சம்.

"ரொசாரியோ, போடு."

விளம்பரம் செய்யாதீர்.

விளம்பரத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.
சாயங்காலத்திலிருந்து என்னைத்தான் சொல்கிறது என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடது வட்டம் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது,
அதை நாளைக்குத் திருக வேண்டும்.
ரொசாரியோ நம்பாமல் இறங்கி வந்து
விளக்குகளுக்கு முன்னால் நின்றான்.
சுவரில் அவனுக்கு
இரண்டு நிழல்.