பதினோரு அடி

ஒப்பரேஷனுக்கு ஒரு சதமும் போகவில்லை.
பெரியாசுப்பத்திரியில் இடுப்பைத் திறந்து
இரும்பு வைத்து மூடி
ஏழாம் நாள் துண்டு வெட்டி விட்டார்கள்.
செலவு தொடங்கியது வீட்டில்.
கல்லடியில், என் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் இடையே
பதினோரு அடி.

"ஏஜென்சியில ஆள் எடுங்க அக்கா, நான் போடுறன்"
என்றான் தம்பி, சூரிச்சில் இருந்து.
போனில் ஒரு பொடியன்
சாப்பாட்டுக்கடை விலைப்பட்டியல்போல ஒப்புவித்தான்:
பகல் மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு,
இராவும் சேர்த்தால் ஆறாயிரம்,
வயிற்றில் ஊசி போடத் தெரிந்த ஆள் என்றால்
எழுநூறு கூட,
சாப்பாடு உங்கட பொறுப்பு,
பதிவுக் காசு ஐயாயிரம், அது திரும்பாது.
மறுகா, "பேஷன்ட் எத்தனை கிலோ மெடம்?"
முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள்
நாலு கிலோ குறைத்துச் சொன்னேன்.

டிலோஜினி வந்தாள். மண்டூர்.
விடியப் பாதையேறி, குருமண்வெளியில் பஸ் பிடித்து,
தோளில் ஒரு பை,
கையில் தன்னுடைய தலையணை.
முதல் நாள் பெட்பானை வைத்துவிட்டுக்
கலண்டரைப் பார்த்தபடி நின்றாள்.
"போயா எப்ப டீச்சர்?"
அவளுக்குப் போயா தேவையில்லை என்று எனக்குத் தெரியும்.
"வியாழன்" என்றேன்.
அதற்குள் காரியம் முடிந்தது.

நாலாம் நாள் துவாய் நனைத்து முதுகு துடைக்கையில்
"இதில ஒரு மச்சம் இரிக்கி, தெரியுமா?" என்றாள்.
அறுபத்திரண்டு வயது. தெரியாது.
சொல்வதற்கு ஆள் இருந்ததில்லை.

இரவு ஏழே முக்காலுக்கு அவள் மகன் எடுப்பான்.
மூன்றாம் ஆண்டு, பக்கத்து வீட்டில் நிற்கிறான்.
நானூற்றிரண்டில் நூற்றெண்பத்தேழு போக வேண்டும்.
தாய் தடுமாற
கட்டிலில் கிடந்தபடி நான் குரல் கொடுத்தேன்:
"ரெண்டில ஏழு போகாது. பக்கத்து வீட்டில கடன் கேள்."
"பக்கத்து வீட்டில சைபர் டீச்சர்."
"அப்ப அதுக்கடுத்த வீட்டுக்குப் போ."
கொஞ்சம் யோசித்தான்.
"அவங்க சும்மா குடுப்பாங்களா?"

டிலோஜினி சிரிக்கவில்லை.
லைட்டை நூர்த்த பிறகு கேட்டேன். சொன்னாள்.
நான் கட்டும் ஆறாயிரத்து எழுநூறில்
அவள் கைக்கு வருவது மூவாயிரத்துத் தொளாயிரம்.
அதில் ஆயிரம், மகனைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு.
அந்தப் பக்கத்து வீட்டுக்காரி
மாமனைத் தூக்கி இருத்த, முன்வீட்டுப் பொடியனுக்கு
ஒள்ளுப்பம் கொடுக்கிறாளாம்.
அதற்கு அங்கால நான் கேட்கவில்லை.
"ஏஜென்சியை விடுங்க, நேரா உங்கட கையில தாறன்."
"கையெழுத்து வைச்சிருக்கன் டீச்சர்."
தன் தலையணையில் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

பதின்னாலாம் நாள் வோக்கரைப் பிடித்து நானே போனேன்.
நானே வந்தேன்.
அவள் கதவடியில் நின்று
ஏற்கெனவே மடித்த துவாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

பையை எடுத்த பிறகு
ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினாள்.
"பத்து நாள் படிப்பிச்சீங்க. ரியூசன்."
"விசரா உங்களுக்கு?"
"சும்மா எண்டா மறுகா கோல் எடுக்க ஏலாது டீச்சர்.
காசு குடுத்தா ஏலும்."
வாங்கினேன்.
எண்ணிப் பார்க்க ஒன்றுதான், ஆனாலும்
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

தம்பிக்குக் கணக்கு அனுப்பினேன்:
பதின்னாலு நாள், பதிவுக் காசோடு
தொண்ணூற்றெட்டாயிரத்து எண்ணூறு.
ஐந்நூறை எழுதவில்லை.

இண்டைக்கு ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப்
போனுக்குச் சார்ஜ் போட்டேன்.
ஏழே முக்கால்.
எட்டு.
எட்டே காலுக்கு அடித்தது.
"டீச்சர், வகுத்தல்.
மிச்சம் வருது."