கையுறைக்காகத் திரும்பியவன்

மேல்மேய்ச்சலில் போட்டிருந்த வைக்கோலைச்
சறுக்குவண்டியில் இறக்கப் போன பிப்ரவரிக் காலை.
முதலில் ஒரு சத்தம்,
பெரிய துணியை யாரோ கிழித்தது போல.
நிமிர்ந்து பார்த்தேன்.
மலை நடந்து வந்தது.

வந்து என் மேல் உட்கார்ந்துகொண்டது.

மேல் எது, கீழ் எது, தெரியவில்லை.
எச்சிலை உமிழ்ந்தேன்; அது
இடது கன்னம் வழியாகக் காதுக்குள் ஓடியது.
சரி, காதுப்பக்கம் பூமி,
மற்றப் பக்கம் வானம்.
ஸ்வானெதி மலையில் பிறந்தவனுக்கு
இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாயருகே ஒரு கைப்பிடிக் காற்று.
உப்பு வாங்கப் போகிறவன்
சில்லறையை எண்ணுவது போல
மூச்சை எண்ணினேன்.

பிறகு கேட்டது.
காலணிகள். மண்வாரிகள். யாருடைய இருமலோ.
என் மக்வாலாவின் குரல்:
"ஓத்தியா! ஓத்தியா!"
இவ்வளவு தெளிவாக
அடுப்படியிலிருந்துகூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.
"இங்கே" என்றேன்.
"இங்கேதான் இருக்கிறேன்" என்று கத்தினேன்.
தொண்டையில் இரத்தம் கரித்தது.
மேலே யாரோ சொன்னார்கள்:
"இங்கே ஒன்றுமில்லை. கீழே போய்ப் பார்ப்போம்."

பனி அப்படித்தான்.
வருகிற சத்தத்தை விடும், போகிறதை விடாது.

காலடிகள் தேய்ந்தன.
அப்போதுதான் வேண்டினேன்.
அதில் அழகாக ஒன்றுமில்லை.
முதலில் ஒரு காளையை நேர்ந்துகொண்டேன்.
அது நொண்டி என்பது
அவருக்கும் தெரியுமே என்று நினைவு வர,
வெட்கப்பட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
கோயிலில் சொல்லும் ஜெபம் பாதியில் அறுந்தது.
கடைசியில் மிஞ்சியது,
சேற்றில் சிக்கிய கன்று
அடிவயிற்றிலிருந்து எடுக்குமே, அந்தச் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.
உதடு மட்டும் பனியில் அசைந்தது.

பிமுர்சா என் அண்ணன்.
ஒரு புல்வெளியின் எல்லைக்கல்லுக்காகப்
பதினோரு வருஷம் என்னோடு பேசாதவன்.
எல்லோரோடும் கீழே இறங்கியவன்
பாதி வழியில் பார்த்தானாம்,
வலது கையுறையைக் காணோம்.
எடுக்கத் திரும்பி வந்தான்.
குனியச் சோம்பல், கழியால் குத்தித் தூக்கப் பார்த்தான்.
கழி நழுவி இறங்கி
என் தோளில் வந்து நின்றது.

கையுறை காப்பாற்றியது, என்கிறார்கள் மெஸ்தியாக் கடைத்தெருவில்.
தற்செயல், என்கிறார் மருத்துவர்.
நான் யாரோடும் வாதாடுவதில்லை.
கஞ்சன் பிமுர்சா ஒரு பொருளைத் தவறவிட்டு
அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை.
பனி போகவிடாத சத்தம் ஒன்று
எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது.
அந்த மட்டுக்கும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே கிவி போனான்.
பத்தொன்பது வயது. எனக்கு நாற்பது அடி தள்ளி.
அவன் அம்மா சியாலா ஒருநாள்
பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:
"என் பிள்ளை கூப்பிடவில்லையா?"

கூப்பிட்டிருப்பான்.
அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.
பாத்திரத்தை அவள் வீடு வரை சுமந்துபோனேன்.

இப்போதும் திருநாள்தோறும்
மூன்று லெம்சீர் ரொட்டியோடு
கோயிலின் இருட்டில் நிற்கிறேன்.
பக்கத்தில் பிமுர்சா.
கையுறை இரண்டையும் கயிற்றில் கோத்துக்
கழுத்தில் மாட்டியிருக்கிறான்.
எனக்காக வேண்டுகிறேன், கிவிக்காக,
சியாலா இரவில் தூங்கவேண்டும் என்று.
மெழுகுத்திரி சொட்டுகிறது.
பதில் வருவதில்லை.

முன்பென்றால்
ஆள் இல்லை என்று முடிவுகட்டி
வீட்டுக்குப் போயிருப்பேன்.
இப்போது காதில் விழுவது
பனியின் மேல் நின்று ஒருவன் சொன்னது:
"இங்கே ஒன்றுமில்லை."

அவன் காலுக்குக் கீழே,
தொண்டை கிழிய,
நான் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.